ஸ்தோத்திரக் கூழ்

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் நான் ஒரு விஷயத்துக்குச் சம்மதம் சொன்னால் போதும், கேட்டவர்களின் முகம் மாறிவிடும். மறுத்தால் ஒன்றுமில்லை. "இன்னும் ரெண்டு அகப்பை சோறு வைக்கட்டுமா?" என்று மாமி கேட்பார். வேண்டாம் என்றால் பானையை மூடிவிட்டுப் போவார். "ஓம் மாமி" என்றேனோ, அகப்பை அந்தரத்தில் நிற்கும். நாத்தனார் ஜெபமணி தாயைப் பார்ப்பாள், தாய் கூரையைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் சோறு இலையில் விழும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாளையங்கோட்டைக்கு வந்த முதல் ஐந்து மாதமும், நான் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறேன் என்றுதான் இவர்கள் பார்க்கிறார்கள் என நினைத்து அரை வயிற்றோடு எழுந்தேன். பசியோடு இருக்கிறவளுக்குச் சந்தேகம் சும்மா வருமா, நன்றாகவே வந்தது.

வால்வெள்ளி வானத்தில் தெரிந்து ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த வருஷம் எனக்குக் கலியாணம் நடந்தது. இவர் பாளையங்கோட்டைக்காரர். மூன்று வருஷம் யாழ்ப்பாணத்தில் ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்தார். நான் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையலும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு குடும்பமும் ஒரே வேதம், ஒரே சங்கீதப் புத்தகம். பிறகென்ன என்று பெரியவர்கள் சம்மதித்தார்கள். அடுத்த தை மாதம் கொழும்புவரை புதுரயிலிலும், அங்கிருந்து தூத்துக்குடிவரை கப்பலிலும் வந்தோம். கப்பலில் நான் எடுத்த வாந்தியை எழுதினால் உங்களுக்குச் சோறு இறங்காது. தூத்துக்குடி தாண்டி ரயில் ஜன்னலில் பனைமரங்களைக் கண்டதும், அட, நம்முடைய ஊர்தானே இது என்று மனம் குளிர்ந்துவிட்டது. அங்கேதான் நான் ஏமாந்தேன். சிங்களம் பேசுகிற ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து வாயைத் திறந்திருப்பேன். இங்கே அதே தமிழ், அதே பனை, அதே பைபிள். அதனால் யோசிக்காமல் திறந்தேன்.

வந்த மறுவாரமே இவருக்கு உடன்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலையாகிவிட்டது. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை போவார். இடைப்பட்ட நாளெல்லாம் மாமி, ஜெபமணி, நான் மூன்று பேர்தான். ஜெபமணியோடு தாமிரபரணிக்குக் குளிக்கப் போவேன். நம் நாட்டில் ஆறு ஏது? கிணற்றுத் தண்ணீர் நாளைக்கும் அங்கேயே இருக்கும். இந்தத் தண்ணீரோ நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, இடுப்பளவு இறங்கவே எனக்கு நடுக்கம். படித்துறையில் இருக்கிற பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். மாமி என்னை "ஏட்டி" என்று கூப்பிடுவார். நம்மிடையே "எடி" என்று யாரைக் கூப்பிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். என்னை வேலைக்காரியாக நினைக்கிறார் என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். சொந்த மகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார் என்பது நாலாம் நாள்தான் காதில் ஏறியது. ஆனால் இன்னொன்று அப்படித் தெளியவில்லை. ஒருநாள் ஆற்றிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் என் தகரப் பெட்டியில் சேலைகள் இடம் மாறியிருந்தன. அம்மா பனங்கிழங்கு காயவைத்து இடித்துக் கட்டித் தந்த ஒடியல் மாப் பொட்டலம் அவிழ்த்து மறுபடி கட்டப்பட்டிருந்தது, அதுவும் வேறு முடிச்சு. யார் திறந்தது என்று கேட்கத் துணிவில்லை. அன்றிலிருந்து சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மாமி அந்தச் சாவியையும் பார்த்தார்.

ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல் சபையின் உபதேசியார் வந்தார். சும்மா வந்ததாகச் சொன்னார், ஆனால் கையில் ஞானோபதேசப் புத்தகம் இருந்தது. மாமி பாய் விரித்து அவரை உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் ஜெபமணியின் சேலைத் தலைப்பு தெரிந்தது. தேவன் கொடுத்த பத்துக் கற்பனைகளைச் சொல்லச் சொன்னார், தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளிடமா? பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "பிள்ளே, மெய்யான தேவன் ஒருவரையே விசுவாசிக்கியா?" என்றார்.

"ஓம் ஐயா."

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு, "விக்கிரகங்களை எல்லாம் விட்டாச்சா?" என்றார்.

"ஓம், ஓம்" என்றேன், ஒருமுறை போதாதோ என்று இரண்டு முறை.

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உபதேசியார் நீர்மோரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். மூன்று தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பெண்ணை, மருமகளாக வந்த வீட்டில் நிறுத்திப் பரீட்சை வைப்பதா? என்னைக் கழிப்பதற்கு ஒரு சாக்குத் தேடுகிறார்கள் என்று தீர்மானித்தேன். சனிக்கிழமை இவரிடம் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் தாயும் மகனும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், இவருக்கும் இதில் பங்கிருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழை.

மகன் கடல் தாண்டிப் போன அன்றைக்கு மாமி ஒரு பொருத்தனை செய்திருந்தார். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்தால் சபையார் நன்றி செலுத்துகிற ஸ்தோத்திரப் பண்டிகை அசனத்துக்கு ஒரு கிடா கொடுப்பது என்று. அசனம் என்றால் நம்மூர் விருந்து போலல்ல. ஆராதனை முடிந்ததும் வேதக்கோயில் வளாகத்தில் பெரிய அண்டாக்களில் சோறும் கறியும் ஆக்கி, பணக்காரர் ஏழை என்ற பேதமில்லாமல் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கிடா கொடுத்த குடும்பத்து மருமகள்தான் முதல் பிடி அரிசியை உலையில் போட வேண்டும் என்பது இந்தச் சபை வழக்கம். அந்த வருஷம் பண்டிகை ஆடி முதல் தேதியில் விழுந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஜெபமணி கிணற்றடியில் வைத்து, "மயினி, அரிசி போட அம்மா என்னத்தான் கூப்பிட்டிருக்கா. நீங்க வருத்தப்படாதீய" என்றாள். துருவிக் கேட்டதில் மீதியும் வந்தது. பண்டிகை முடிந்ததும் என்னைத் துணையோடு தூத்துக்குடிக்கு அனுப்பிக் கப்பலேற்றிவிடுவது என்று பேச்சு நடக்கிறதாம். "ஏன்?" என்றேன். அவள் வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

போவதென்றால் போகிறேன், ஆனால் பட்டினியோடு போகமாட்டேன் என்று ஒரு வீம்பு வந்தது. மறுநாள் காலையிலேயே அடுக்களையில் உட்கார்ந்து அரிசி மாவை வறுத்தேன். பாசிப்பயற்றை உடைத்தேன், தேங்காயைச் சொட்டுச் சொட்டாக நறுக்கினேன். பனங்கட்டிக்கு இவர் கொண்டுவந்த உடன்குடிக் கருப்பட்டி இருந்தது. ஆடிப் பிறப்புக்குக் கூழ் காய்ச்சாத வீடு நம்மிடையே வேதக்காரர்களிலும் உண்டா? மாமி வாசலில் வந்து நின்றார்.

"இது என்னட்டி?"

"ஆடிக்கூழுக்கு மாமி. நாளைக்கு ஆடிப் பிறப்பெல்லோ."

"ஆடியில கூழா? எந்த அம்மனுக்கு ஊத்துததுக்கு?"

"ஒரு அம்மனுக்கும் இல்லை. எங்கட வயித்துக்கு."

மாமி உள்ளே வந்து என் முன்னால் குந்தினார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஏட்டி, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீ நெசமாவே வேதத்துல இருக்கவதானா?"

"ஓம் மாமி!" என்று கத்தினேன்.

"கேட்டியா ஜெபமணி! வேதத்துல இருக்கியாட்டின்னா ஓமுங்கா! வாய் கூசாம ஓமுங்கா!"

"ஓம் எண்டால் என்ன பிழை?"

"என்ன பிழையா? பூசாரி சொல்லுத மந்திரத்த எம் அடுக்களையில நின்னு நாளு பூராச் சொல்லுத. உபதேசியார் மொகத்துக்கு நேரயும் சொன்ன. இப்ப எம் மவனும் அதையே சொல்லுதான்!"

முதலில் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே ஐந்து மாதத்துப் பசியும் கோபமும் சேர்ந்து வந்து, சிரிப்பு அழுகையாகிவிட்டது. ஓம் என்றால் எங்கள் ஊரில் ஆமா என்றுதான் அர்த்தம், மந்திரமுமில்லை மாயமுமில்லை என்று தலையில் அடித்துச் சொன்னேன்.

"ஆமான்னா ஆமான்னு சொல்லணும். அதுக்கு எதுக்கு ஓமு?"

"உங்கட மகனைக் கேளுங்கோ."

"அவனக் கேக்கவா? பொட்டலத்துல மருந்து கொண்டாந்து அவனுக்குத்தான் மொதல்ல வச்சிருக்கியே!"

பனங்கிழங்கு மாவை மருந்து என்று நம்புகிறவரிடம் என்ன பேசுவது? ஆண்டவரே வந்து சாட்சி சொன்னாலும் அவரையும் யார் அனுப்பியது என்று விசாரிப்பார் போலிருந்தது. அன்று மத்தியானம் பண்டிகைக்குச் சேலை விற்க மேலப்பாளையத்திலிருந்து ஒரு சாயபு வந்தார். நெசவுக்காரர், கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சேலை மூட்டையோடு போய் வருகிறவர். மாமி ஒரு சேலையைப் பிரித்து ஓரத்தைத் தடவிக்கொண்டே, எதுவும் தெரியாதவர் போல, "சாயபு, யாழ்ப்பாணத்துல ஆமான்னு சொல்லணும்னா எப்படிச் சொல்லுவாவ?" என்று கேட்டார்.

"அங்கன யாரு தாயி ஆமாங்கா? எல்லாரும் ஓமுதான். பள்ளிவாசல்ல மோதினாரக் கூப்பிட்டு, நோன்புக் கஞ்சி ஊத்தட்டுமான்னா ஓமும்பாரு. மொதத் தடவ கேட்டப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுட்டு."

மாமி சேலையைக் கீழே வைத்தார். "அந்த மோதினாரு நல்ல மோதினாருதானா?" என்று கேட்டார். சாயபு மார்பில் கைவைத்துச் சத்தியம் செய்தார். பெற்ற மகனை நம்பாதவர் துணி விற்க வந்தவரை நம்பினார். அவரிடம் இரண்டு சேலை எடுத்தார், அதில் ஒன்று எனக்கு.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வந்திருந்தால் அதையும் நான் சந்தேகித்திருப்பேன். சாயந்தரம் வந்து, "நாளைக்கு நீதான் அரிசி போடணும். இனிமே ஆமான்னு சொல்லிப் பழகு. என்னையும் மாமின்னு சொல்லாத, அது அக்ரகாரத்துப் பேச்சு. அத்தைன்னு சொல்லு" என்றார். போகிறபோது திரும்பி, "கூழக் காய்ச்சு. ஆனா ஆடின்னு வாயால சொல்லிராத. யாரும் கேட்டா ஸ்தோத்திரக் கூழுன்னு சொல்லு" என்றார். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. என் அம்மாவும் அவளுடைய அம்மாவும் காய்ச்சிய கூழுக்கு ஞானஸ்நானம் கொடுத்து வேறு பெயர் வைக்கிறாரே என்று. ஆனாலும் காய்ச்சினேன். அசனம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், பனையோலைப் பட்டையில் முதலில் ஊற்றி என்னிடம் நீட்டினார் அத்தை. "நீ மொதல்ல குடி" என்றார். நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றினார். இவர் இரண்டு பட்டை குடித்தார், அத்தை மூன்று.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படியே நடக்கிறது. கிடா இல்லாத வருஷத்திலும் கூழ் உண்டு. ஜெபமணி கலியாணமாகித் தச்சநல்லூருக்குப் போய் அங்கேயும் காய்ச்சுகிறாள். பக்கத்து வீடுகளிலும் கேட்டு வாங்குகிறார்கள். உபதேசியார் அன்றைக்கு ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு வந்துவிடுகிறார். முதல் பட்டை இன்றுவரை எனக்குத்தான். அது மரியாதையா, மருந்து இருக்கிறதா என்ற சோதனையா என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் உண்மை வருமா?

ஐரோப்பாவில் சண்டை தொடங்கியபிறகு கடிதங்கள் தாமதமாக வருகின்றன. இந்த ஆடிக்கு முந்தின நாள் அம்மாவின் கடிதம் வந்தது. கடலில் சண்டைக் கப்பல் திரிகிறதாம் என்று பயந்துபோய் எழுதியிருந்தாள். "என் கண் மூடுமுன் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து என்னிடம் சேர்க்கும்படி இரவும் பகலும் கர்த்தரை மன்றாடுகிறேன்" என்று முடித்திருந்தாள். வாசித்து அழுதேன். அத்தை என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து அரிசி புடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் கூழைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் தலை குனிந்தோம். அத்தைதான் ஜெபம் சொல்வார், வருஷாவருஷம் அதே ஜெபம். "கடலுக்கு அங்கன போன எம் புள்ளய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்தீரே, தோத்திரம் ஆண்டவரே." அத்தோடு முடிந்துவிடும் என்று நான் பட்டைக்குக் கை நீட்டினேன். அவர் நிறுத்தவில்லை. "அங்கன இருந்து வந்தவ திரும்பிப் போவாம இங்கனயே இருக்கா. அதுக்கும் தோத்திரம். இனிமேலும் எங்க கூடவே வச்சுக்கும்."

இப்படி ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! அடுத்த நிமிஷமே என் புத்தி வேலை செய்தது. நேற்றுக் கடிதத்தைக் கேட்ட பிறகு இன்று இந்த ஜெபமா? இது நன்றியா, வாசலுக்குப் போடுகிற தாழ்ப்பாளா? இரண்டுமாக இருக்கலாம். அம்மா கேட்பதும் அதே கர்த்தரிடம்தான். அத்தை கண்ணை மூடியபடியே காத்திருந்தார். தச்சநல்லூரிலிருந்து வந்திருந்த ஜெபமணியும் இவரும் சொல்லி முடித்துவிட்டார்கள், நான்தான் பாக்கி.

ஆமென் என்றேன். அத்தைக்குக் கேட்கிற அளவுக்கு, அம்மாவுக்குக் கேட்காத அளவுக்கு.