மகளின் பெடல் பலகை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய வாரத்தில், மலைமேல் முருகன் கோயில் இருக்கும் எங்கள் ஊரில் யார் வீடும் அவரவர் வீடாக இருக்காது. காவடி எடுப்பவர்கள், மொட்டை போட வருபவர்கள், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வரும் சொந்தங்கள் என்று வாசலில் செருப்பு குவிந்துவிடும். இந்த வருஷம் முதல் ஆளாக என் நாத்தனார் பள்ளிப்பட்டிலிருந்து வந்தாள். வீட்டோடு விசைத்தறி வைத்திருப்பவள். அந்தச் சத்தத்தின் நடுவிலேயே பேசிப் பழகியதால் காதோடு சொல்ல வேண்டியதையும் தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வாள். வேலைக்கு அஞ்சாதவள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்புவதற்குள் ஒட்டடை அடித்து, ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, கூடத்தைக் கழுவிவிட்டிருந்தாள்.

கூடத்து ஜன்னலுக்குக் கீழே கிடந்த, என் மகள் கிட்டார் வாசிக்கும்போது காலடியில் வைக்கும் பலகை சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் இருந்த பெடல்களில் ஒன்றுகூட இல்லை.

"அத இன்னாத்துக்கு அண்ணி அப்டியே போட்டு வச்சிகினு இருந்தீங்க? ஒரே தூசி. ஒயரெல்லாம் புடுங்கிட்டு, துணியில தொடச்சி, பத்திரமா பிஸ்கட் டப்பால போட்டுட்டேன். நாப் எல்லாம் தொறந்தே கெடந்துச்சி, கேஸ் அடுப்பாட்டம். ஒண்ணு விடாம மூடிட்டேன்" என்றாள் நாத்தனார்.

தோளிலிருந்த பையை இறக்காமலே டப்பாவைத் திறந்து பார்த்தேன். சொன்னபடியே செய்திருந்தாள். எல்லாக் குமிழ்களின் வெள்ளைக் கோடுகளும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. மேலும் கீழும் நகர்த்தும் சின்னச் சின்ன பிடிகளைக்கூட மிச்சம் வைக்காமல் கீழே இறக்கியிருந்தாள். டப்பாவை மூடிவைத்தேன். என்ன சொல்வது, அவ்வளவு சுத்தமாக இருந்தது வீடு.

என் மகள் பேஸ் கிட்டார் வாசிப்பவள். நான்கே தந்திகள், ஒவ்வொன்றும் கொடிக்கயிறு மாதிரி தடிமன். சென்னையில் வேலை பார்த்த நாட்களில் ஞாயிறுதோறும் கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து வாசிப்பாள். மற்ற நாட்களில் மின்சார ரயிலில் வீடு வந்து, முகம் கழுவி, கூடத்தில் உட்கார்ந்துவிடுவாள். நான் சமையலறை வாசற்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலால் மிதிக்கும் அந்த இரும்புப் பெட்டிகளுக்குத்தான் பெடல் என்று பெயர். கிட்டாரின் சத்தம் ஒரு பெட்டிக்குள் போய், சின்ன கேபிள் வழியாக அடுத்ததற்குள் போய், கடைசியில் ஸ்பீக்கரில் வரும்.

"வரிசைய மாத்தினா சத்தமே மாறிடும் மா" என்று ஒருநாள் சொன்னாள்.

"வெங்காயம் வதங்கறதுக்கு முன்னாடி தக்காளி போட்ட மாதிரியா?"

"ஆங், அதே தான். நீ கணக்கு டீச்சரா ஆயிருக்கவே வேணாம். என் கூட வந்துடு."

முதலில் சுருதி பார்க்கும் பெடல். அடுத்தது கம்ப்ரசர். அது விரல் பலமாகப் பட்டாலும் லேசாகப் பட்டாலும் சத்தத்தை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். அதற்கடுத்தது ஓவர்டிரைவ். பழைய ரேடியோவை அதன் சக்திக்கு மேல் திருப்பினால் சத்தம் உடைந்து கரகரக்குமே, அதை வேண்டுமென்றே செய்வது அது. ஆனால் அவளுக்கு வேண்டியது முழுதாக உடைந்த சத்தம் இல்லை. உடையப்போகிற இடத்தில் நிற்கும் சத்தம். அதிகம் உடைந்தால் அடியில் இருக்கும் கனம் போய்விடும் என்று, உடையாத சத்தத்தையும் கொஞ்சம் கலந்துவிடும் குமிழ் ஒன்று அதிலேயே இருந்தது. கடைசியாக ஈக்வலைசர். மேலே குத்தும் ஒலிகளைச் சீவிவிட்டு அடியை நிரப்ப அது. இதையெல்லாம் சரிசெய்ய அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. குனிவாள், ஒரு மயிரிழை திருப்புவாள், ஒரு தந்தியை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். ஒருநாள் திடீரென்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு இசை தெரியாது. ஆனால் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த வாசற்படி வெதுவெதுப்பாக அதிர்ந்தது. உள்ளே அலமாரியில் தட்டுகள் முணுமுணுத்தன. நெஞ்செலும்புக்குள் யாரோ மெல்லிய குரலில் பேசுவது போல இருந்தது.

போன தை மாதம் ஒரு மாலை ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டியில் வீட்டுக்கு வருகையில், திருப்பதி ரோட்டில் ஒரு லாரி அவளை உரசிவிட்டுப் போனது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். இடது மணிக்கட்டில் தகடு வைத்துத் திருகு போட்டார்கள். தந்தியை அழுத்தும் கை அது. கட்டுப் பிரித்தபின் அவள் கிட்டாரைத் தொடவில்லை. சித்திரை கழிந்ததும் பெங்களூரில் வேலை என்று கிளம்பிவிட்டாள். "பலகைய மட்டும் யாரும் தொட வேணாம் மா" என்பதுதான் வாசலில் சொன்ன கடைசி வார்த்தை.

நான் இன்னும் அந்த மாலையிலிருந்து வெளியே வரவில்லை. லாரி ஹாரன் கேட்டால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் எண் கோணலாகிவிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மகள் போனை எடுக்கச் சற்றுத் தாமதித்தால் துண்டித்துவிட்டு மறுபடி மறுபடி கூப்பிடுகிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில், அவள் வாசித்தபோது எடுத்த ஒரு வீடியோவை என் போனில் போட்டுக் கேட்பேன். விரல் படும் டிக் டிக் ஒலி வரும், கொஞ்சம் கரகரப்பு வரும். அடியில் இருந்த கனம் மட்டும் வராது. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு ஆழம் போகத் தெரியாது போலிருக்கிறது. என் மகள் வாசிப்பதைப் பார்க்கிறேன், அவள் சத்தம் மட்டும் எதிலும் இல்லை.

நாத்தனார் வீட்டைத் துடைத்த மறுநாள் காலை மகள் கூப்பிட்டாள்.

"மா, இன்னா பண்ணிகினு இருக்க? சனிக்கெழம வர்றேன். டாக்டர் லேசா வாசிச்சிப் பாருன்னு சொல்லிட்டாரு."

என் கண் பிஸ்கட் டப்பாவுக்குப் போனது.

"கேக்குதா? பலக அப்டியே இருக்குல்ல? உக்காந்ததும் அந்த டோன் வரணும் மா. மறுபடி மொதல்லேர்ந்து தேட எனக்குத் தெம்பு இல்ல. வந்துச்சின்னா வாசிப்பேன். வரலன்னா எல்லாத்தியும் வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்கறேன்."

"வா, நீ வா மொதல்ல. பஸ்ல வராத, ட்ரெய்ன்ல வா" என்றேன். வேறு எதுவும் சொல்லத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். எந்தப் பெடல் எங்கே என்பதில் குழப்பமில்லை. பலகையில் ஒட்டுப்பட்டைகள் அப்படியே இருந்தன, நீளம் பார்த்துப் பொருத்தினேன். குமிழ்கள்தான் சிக்கல். சமையலறை வாசற்படியில் போய் உட்கார்ந்து கண்ணை மூடி நினைவுபடுத்திப் பார்த்தேன். ஓவர்டிரைவின் முதல் குமிழில் இருந்த வெள்ளைக்கோடு காலண்டரைப் பார்த்து இருக்கும். இரண்டாவது என்னைப் பார்த்து. கம்ப்ரசரில் இரண்டும் ஜன்னல் பக்கம். ஈக்வலைசரின் பிடிகள் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்கும். அந்தக் கலக்கும் குமிழ் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் அதைத்தான் ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தாள்.

வாசித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. உறையிலிருந்து கிட்டாரை எடுத்து மடியில் வைத்தபோது, இவ்வளவு கனத்தையா இந்தப் பெண் மணிக்கணக்கில் சுமந்தாள் என்று இருந்தது. தடித்த தந்தியைக் கட்டைவிரலால் இழுத்தேன். அரிசி மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். கலக்கும் குமிழை மறுபக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு மறுபடி இழுத்தேன். மேட்டில் கியர் மாற்றும் லாரி கூடத்துக்குள் வந்தது. கேபிளைப் பிடுங்கிவிட்டேன்.

அப்போதுதான் கணவர் சாப்பிட வந்தார். கிட்டாரோடு தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "இன்னா, கச்சேரிக்குக் கெளம்பிட்டியா?" என்றார். நான் சிரிக்காததைப் பார்த்து எதிரில் உட்கார்ந்தார். மகள் போனில் சொன்னதைச் சொன்னேன். கை நீட்டினார்.

"குடு, நான் தட்றேன். நீ திருப்பு."

கேபிளை மறுபடி செருகினேன். அவர் தட்ட, நான் திருப்பினேன். அவர் என்றைக்கும் இதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டவர் இல்லை. அவள் வாசிக்கும்போது பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பார். இப்போது தலையைச் சாய்த்துக்கொண்டு, "ம்ஹூம். பாப்பாது இத விட கெட்டியா இருக்கும்" என்றார். ஈக்வலைசரில் இடது ஓரப் பிடியைச் சற்று ஏற்றினேன். "கெட்டி வந்துச்சி, ஆனா மூக்கடைச்ச மாதிரி இருக்கு." ஓவர்டிரைவை ஒரு துளி கூட்டினேன். "அந்தக் கரகரப்பு பின்னாடி வரணும்டி, மொதல்ல வரக்கூடாது." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கலக்கும் குமிழைப் பாதிக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். அவர் தந்தியை இழுத்தார்.

தரை வெதுவெதுத்தது. அலமாரியில் தட்டுகள் முணுமுணுத்தன. நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர் அந்த ஒரே தந்தியை மறுபடி இழுத்தார், மறுபடியும். ஒவ்வொரு முறையும் அது அடங்கும் வரை காத்திருந்தோம். மகள் உள்ளறையில் துணி மாற்றிக்கொண்டிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்பது போல இருந்தது.

சமையலறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "அண்ணா, போதும் நிறுத்துண்ணா! குக்கர் விசிலே கேக்கல. ஒரு வீடா இது, இவ்ளோ சத்தமா!"

சனிக்கிழமை அரக்கோணத்தில் இறங்கிய மகளை என் வற்புறுத்தலால் கணவர் காரில் அழைத்து வந்தார். மறைக்க எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை. அவள் வாசலில் கால் வைத்ததும் நாத்தனார், "கண்ணு, உன் டப்பாவெல்லாம் அத்தை தொடச்சி பளபளன்னு மூடி வச்சிட்டேன். உங்கம்மாளும் அப்பனும் நேத்தெல்லாம் அதக் கட்டிகினு அழுதாங்க" என்றாள்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பழையபடி வச்சிருக்கோம்" என்றேன்.

அவள் குளித்தாள், சாப்பிட்டாள், அத்தையின் பேச்சுக்கெல்லாம் 'உம்' கொட்டினாள். அதற்குப் பிறகுதான் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். இடது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் தடித்த தந்தியை இழுத்தாள். கண்ணை மூடினாள்.

"யாரு வச்சது இது?"

"நானும் உங்க நைனாவும்."

"கிட்டத்தட்ட அதே தான் மா" என்றாள். அவள் உதடு சிரிப்பில் லேசாகக் கோணியது.

அதன்பின் இடது கையைத் தூக்கித் தந்திமேல் வைத்து அழுத்தினாள். வாசித்தாள். ஸ்பீக்கரிலிருந்து தகரம் கிழிவது போல ஒரு ஒலி. மறுபடி அழுத்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மறுபடியும் அதே கிழிசல். விரலுக்குத் தந்தியை முழுதாக அழுத்தும் பலம் இன்னும் வரவில்லை. தந்தி கட்டையில் உரசித் துடித்தது. அந்தத் துடிப்பைக் கம்ப்ரசர் தூக்கிவிட, ஓவர்டிரைவ் அதை ஊருக்கே கேட்கும்படி ஆக்கியது. நாங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த அந்தச் சத்தத்தில் அவள் கையின் ஒவ்வொரு தடுமாற்றமும் பெரிதாகிக் கேட்டது.

அவள் கையை எடுத்துவிட்டாள். மலையிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு வந்துகொண்டிருந்தது. கணவர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"டாக்டர் லேசாத்தானே வாசிக்கச் சொன்னாரு. இன்னொரு மாசம் போவட்டும், அப்புறமா" என்று ஆரம்பித்தேன்.

"நீ கொஞ்சம் சும்மா இரு மா."

கிட்டாரைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் பலகைமுன் மண்டியிட்டாள். ஒரு கேபிளைப் பிடுங்கினாள். அடுத்ததையும் பிடுங்கினாள். விற்கத்தான் கழற்றுகிறாள் என்று நினைத்தேன். ஈக்வலைசரைப் பெயர்த்தெடுத்து ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தாள். கம்ப்ரசரைக் கையால் அழுத்தி நிறுத்தினாள்.

"அந்தச் சின்ன கேபிள எடு" என்று என்னைப் பார்க்காமலே கை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன். "அந்த டோனு அப்போ இருந்த கைக்கு மா. மேல குத்தறத மொதல்லியே வெட்டிட்டா, உள்ள போயி உடையறதுக்கு ஒண்ணும் இருக்காது. தப்பு கம்மியா தெரியும்."

மறுபடி உட்கார்ந்து வாசித்தாள். இரண்டே சுரங்கள், இரண்டும் மெதுவாக. தடித்த, இருட்டான சத்தம். போர்வைக்குள்ளிருந்து வருவது போல மழுங்கியிருந்தது. கிழிசல் இருந்தது, ஆனால் எங்கோ தூரத்தில். நான் இத்தனை மாதம் ஏங்கிக்கிடந்த சத்தம் இது இல்லை. படி அதிரவில்லை. நெஞ்சுக்குள் யாரும் பேசவில்லை.

"எப்டி மா இருக்கு?"

"நல்லா இருக்கு."

"பொய் சொல்லாத."

"எனக்குப் பழசுதான் புடிக்கும்" என்றேன். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் அதுதான் மா" என்றாள். குனிந்து ஒரு குமிழை மயிரிழை திருப்பினாள். மணிக்கட்டை ஒருமுறை உதறிக்கொண்டு, அதே இரண்டு சுரங்களை மறுபடியும் எடுத்தாள்.