டைகருக்குப் பசி எடுக்க ஒரு டானிக்

இன்று ஜமுனாமரத்தூரில் சந்தை நாள். நான் டாக்டராக இருக்கும் கால்நடை மருந்தகத்துத் தராசு ஆட்டுக்குட்டிக்கு மேல் தாங்காது. அதனால் டைகரைப் பக்கத்துப் புளி மண்டித் தராசில் ஏற்றினோம். லேப்ரடார் நாய். நாற்பத்தெட்டு கிலோ.

கூட்டி வந்த விவசாயி அண்ணன் முகமெல்லாம் பெருமை. "ஆடி மாசம் நாப்பதுதான் சார். தேறிட்டான்ல?"

"தேறலைங்க. முப்பது கிலோ இருந்தாலே போதும். கொழுப்பு ஏறி இதயம் திணறுது, மூச்சு வாங்குறதைப் பாருங்க. இன்னா போடறீங்க?"

"நாங்க துன்றதுதான். சாமைச் சோறு, கறிக்குழம்பு. கடைக்கு இட்டுனு போனா பன்னு."

"சோத்தைப் பாதியா குறைங்க. பன்னு வேணவே வேணாம்."

"இன்னா சார் நீங்க! நாயி எலும்பு தெரிய நின்னா, அந்த வூட்ல சோத்துக்கே வழியில்லன்னு ஊரே சிரிக்கும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப அந்த ஊரையே இட்டுனு வந்து குழி தோண்டச் சொல்லுங்க."

டைகருக்கு ஊசி போட்டு அனுப்பினேன்.

வாசலைத் தாண்டியதும் மடியிலிருந்து ஒரு பன்னை எடுத்துப் பிய்த்து டைகரிடம் நீட்டினார். அது முகர்ந்துவிட்டுத் தலையைத் தரையில் போட்டுக்கொண்டது.

கண் கலங்கத் திரும்பி வந்தார். "சார், பன்னே வேணாங்குது. பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் குடுங்க."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை. தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், டைகருக்கு அதிக நாள் இல்லை.