கண்ணம்மா பாத்தியில் கரைந்த புண்ணியம்

உப்பு ஏற்ற லாரி வந்து நிற்கிறது, பாத்தியில் உப்புக்குப் பதில் தண்ணீர் நிற்கிறது என்றால் முதலாளி முகம் எப்படி இருக்கும்? மரக்காணம் உப்பளத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உப்பு வாருகிற பொம்பளை நான், அந்த முகத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதற்குக் காரணம் நானும், பம்ப் செட் ஸ்டீபனும், எங்கள் இருவரின் பக்தியும்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பங்குச் சாமியார் பிரசங்கத்தில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். "கறியை விட்டா மட்டும் போதாது. உங்களுக்குப் பிடிக்காத ஒருத்தருக்கு தினமும் சின்னதா ஒரு நல்லது செய்யுங்க. செஞ்சது யாருன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது."

ஆளைத் தேட வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. பக்கத்துப் பாத்தி கண்ணம்மா இருந்தாள். பிரம்மதேசம் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். இறங்கும்போது திறந்த வாயைச் சாயங்காலம் பஸ் ஏறும்போதுதான் மூடுவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பை வாருவேன்.

தினமும் அவள் வாரும் பலகையைக் கழுவி வைத்தேன். செருப்பை நிழலில் போட்டேன். சாமியார் சொன்ன ஆளாக ஸ்டீபனும் அவளையே பிடித்திருந்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் நிழலில் போட்ட செருப்பை அவன் இன்னும் நல்ல நிழலுக்கு மாற்றுவான். கண்ணம்மா வெறுங்காலோடு வரப்பெல்லாம் செருப்பைத் தேடித் திட்டிக்கொண்டிருப்பாள்.

லாரி வருகிற நாள் அவள் பாத்தியில் உப்பு நன்றாகப் பூத்து, வெயிலில் காய்ந்து இறுகிக் கிடந்தது. வாருவதற்கு முன் லேசாகத் தண்ணீர் விட்டால் இளகும். காலையில் அவள் வருமுன்னே மடையைத் திறந்து, அளவாக விட்டு, அடைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். நான் போனதும் ஸ்டீபன் வந்து அதே நல்ல காரியத்தைச் செய்திருக்கிறான். அதுவும் பம்ப்பைப் போட்டு, தாராளமாக. திரும்பி வந்தால் பாத்தி குளமாக இருந்தது. பூத்த உப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

"மடைய ஒழுங்கா மூடாம போயிட்டியா? இந்தப் பாத்திய வேற ஆளுக்குக் குடுத்துடறேன்" என்றார் முதலாளி கண்ணம்மாவிடம்.

கண்ணம்மா வாயே திறக்கவில்லை. சொன்னால் என் புண்ணியம் போச்சு, சொல்லாவிட்டால் அவள் பிழைப்பு போச்சு.

"தண்ணி விட்டது நான்தாங்க" என்றேன்.

"இல்லீங்க, நான் விட்டேங்க" என்று பின்னால் ஸ்டீபன் குரல் வந்தது.

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் எதுக்குய்யா விட்டீங்க?"

"தவக்காலங்க" என்றான் ஸ்டீபன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் என் பாத்தி உப்பை எடுத்து லாரியை ரொப்பச் சொன்னார். ஸ்டீபனையும் கூடை தூக்க வைத்தார். கண்ணம்மா பாத்தி அவளிடமே இருந்தது.

மத்தியானம் கொட்டகையில் அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். சாமியார் சொன்னதையெல்லாம் ஸ்டீபன் அவளிடம் உளறியிருந்தான்.

"ஏன் லூர்து, என்னைப் புடிக்காதுன்னுதான் நல்லது செஞ்சியா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்" என்றேன்.

"இனிமே என் பாத்திய தொடாத. நல்லது செஞ்சே ஆவணும்னா, நான் பேசறப்போ மூஞ்ச திருப்பாம கேளு. வூட்ல ஒருத்தரும் கேக்கறதில்ல. அதான் இங்க வந்து பேசறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாள் அவளுக்காகச் செய்ததில் எதையும் அவளைக் கேட்டுச் செய்யவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறேன்: அடுத்தவள் மடையில் கை வைக்குமுன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்று முதல் அவளுக்கு "ம்" கொட்டினேன். வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பதெல்லாம் அந்தக் கஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் கண்ணம்மாவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. உப்பளமே நிம்மதியாக இருந்தது. மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு போன் போட்டேன்.

"உங்க தவக்காலந்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குடி?" என்றாள்.

"பேசுடி" என்றேன்.