குளத்தில் மீன் குறைந்த தவக்காலம்

மேட்டூர் அணையை மூடிவிட்டால் மாசியிலேயே கொள்ளிடத்தில் மணல்தான் மிஞ்சும். ஆற்றங்கரைக் குளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கும். அதை என் கணவர் மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எங்கள் கிறிஸ்தவத் தெருவில் கறி எடுக்க மாட்டார்கள், மீனுக்கு நல்ல கிராக்கி. ஆனால் குளத்தில் மீன் நாளுக்கு நாள் குறைந்தது. யாரோ திருட்டு வலை போடுகிறார்கள் என்று முடிவுகட்டி, வலை கிழியட்டும் என்று கருவை முள்ளை வெட்டித் தண்ணீருக்குள் போட்டார். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். அப்படியும் குறைந்தது.

சந்தேகம் எதிர்க்கரை வீட்டுக்காரர் மேல் விழுந்தது. வீச்சுவலை போட்டுப் பிழைப்பவர். முள்ளுக்கு நடுவிலும் வலை இறக்க அவரால்தான் முடியும் என்பது இவருடைய வாதம். கெட்டிக்காரனாக இருப்பதும் குற்றமாகிவிட்டது! வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து வெளியே வந்தவரை, என் கணவர் பத்துப் பேர் முன்னால் திருடன் என்றார். அவர் வாயே திறக்கவில்லை. ஊர் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் புல் அறுக்கப் போன நான் திருடர்களைப் பார்த்தேன். ஐந்து நீர்நாய்கள், அதில் மூன்று குட்டிகள். வரிசையாக நீந்தி, மீனை முள் பக்கமாகத் துரத்தின. அங்கே சிக்கி ஓட வழியில்லாத மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்தன. முள் போட்ட புத்திசாலியை நினைத்துச் சிரிப்பு வந்தது. உடனே பயமும் வந்தது. கோழி பிடித்த நாய்க்கு, வயலுக்கு வாங்கிய குருணைப் பூச்சிமருந்தைச் சோற்றில் கலந்து வைத்தவர் என் கணவர். மிச்சப் பொட்டலம் கொட்டகையில் இருந்தது.

போனில் தேடிப் படித்தேன். நீர்நாய் ஒரே இடத்தில்தான் மலம் கழிக்குமாம். போய்ப் பார்த்தால், மணல் திட்டில் மீன் செதிலும் முள்ளுமாகக் குவிந்து கிடந்தது. இவர் கண்ணில் படாதபடி தினமும் அதன் மேல் மண்ணைத் தள்ளினேன், கால்தடங்களை மிதித்து அழித்தேன். ஒரு வாரம் இப்படியே போனது. அந்த வாரம் முழுக்க எதிர்க்கரை வீட்டுக்காரரோடு கடைத்தெருவில் யாரும் பேசவில்லை.

அடுத்த வெள்ளி இரவு, மறுநாள் காலையில் அவர் மேல் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுக்கப் போவதாக என் கணவர் சொன்னார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பொட்டலத்தை ஒளித்துவைத்தேன். விடிந்ததும் இவரைக் கரைக்கு அழைத்துப் போய் நீர்நாய்களைக் காட்டினேன்.

"அந்த மருந்து எங்க?" என்றார்.

"அதத் தேடாதீங்க. முதல்ல அவர்கிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க" என்றேன்.

முனகிக்கொண்டேதான் வந்தார். எதிர்க்கரை வீட்டு வாசலில் நின்று, நீர்நாய் என்று தெரியாமல் பேசிவிட்டேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எனக்குப் பொங்கலுக்கு முன்னாடியே தெரியும்ண்ணே. சொன்னா நீங்க அந்த நாய்க்கு வெச்ச மாதிரி மருந்து வெச்சிடுவீங்க. குட்டி இருந்துச்சு, அதான் சொல்லல."

மருந்தைப் பற்றி இவர் அதன்பிறகு கேட்கவே இல்லை. அன்று மாலையே முள்ளைக் கரையில் இழுத்துப் போட்டார். நானும் அந்தக் குட்டிகளுக்காகத்தான் வாயை மூடியிருந்தேன். ஆனால் என் மௌனத்துக்கும் சேர்த்து ஏச்சு வாங்கியவர் எதிர்க்கரை வீட்டுக்காரர். அன்று காலை அந்த வாசலில் நின்றபோது அவருடைய மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வாங்க எனக்குக் கை எழவில்லை.