நாற்பது மீன்

யார் வீட்டுக்குப் போனாலும் கோவிந்தராசு மாமா முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொல்வார். சாவு வீட்டிலும் அப்படித்தான். எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் பார்த்திருக்கிறேன்.

தான் வேலை பார்த்த மில் மூடியபின் முத்தியால்பேட்டைக் கிணறுகளில் மீன் விடுவது அவர் வேலையானது. கொசுப்புழுவைத் தின்னும் பொடி மீன். சம்பளம் ஒரு காப்பி. கொசு கடித்தால் அவரைத் தேடுவார்கள். கொசு ஒழிந்துவிட்டால், "இவரு என்னத்தப் பண்ணிட்டாரு?" என்பார்கள். அவருடைய மரியாதை கொசுவின் தயவில் இருந்தது.

நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. விலங்கியல். பாசி, புழு, மீன், மீன்கொத்தி என்று அம்புக்குறி போட்டு உணவுச் சங்கிலி வரைந்து பத்துக்கு ஒன்பது வாங்கியவன். 2006இல் சிக்குன்குனியா வந்து பாதித் தெரு முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, அந்தப் படிப்புக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. கிணறுகளில் மருந்தெண்ணெய் ஊற்ற வேண்டும். மீன் உள்ள கிணற்றில் ஊற்றக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் நாளைக்கு அறுபது கிணறு. சுலோசனா அக்கா வீட்டில் ஆள் இல்லாத நேரம் எட்டிப் பார்க்காமலே ஊற்றினேன்.

மறுநாள் மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. மற்ற கிணறுகளுக்கெல்லாம் மாமா மீன் மொண்டது அந்தக் கிணற்றில்தான்.

"எவன்டா ஊத்துனது? இப்பவே ஆபீசுக்கு வரேன். வேலய உட்டுத் தூக்கச் சொல்றேன்!" என்று சுலோசனா அக்கா கத்தியபோது நான் மாமாவுக்குப் பின்னால் நின்றேன்.

மாமா கிணற்றுக்குள் பார்த்தபடியே சொன்னார். "நாந்தாம்மா ஊத்தச் சொன்னேன்."

"ஏண்ணே, உட்டதும் நீ, கொன்னதும் நீயா? கொசு மண்டயில கடிச்சிடுச்சா?"

"நாப்பது மீனு உட்டுர்றேன். என் கடன்."

"எண்ணித்தான் வாங்குவேன்."

வெளியே வந்ததும் கேட்டார். "காலேஜில கிணத்தப் பாக்கச் சொல்லித்தரலியா தம்பி?"

"படத்துல காட்டுனாங்க மாமா."

தூக்குவாளியோடு பிள்ளைச்சாவடிப் பக்கம் சைக்கிளில் போனார். அவருக்குத் தெரிந்த குட்டையை மூடி மனை போட்டிருந்தார்கள். அடுத்த குட்டைக்குப் புறப்படுமுன் காய்ச்சல் வந்தது. மீன்காரரையே கொசு கடித்துவிட்டது என்று தெரு சிரித்தது. முட்டிவலியால் உட்கார்ந்தபடியே சிரித்தது. ஐப்பசியில் போய்ச்சேர்ந்தார். என் வேலை மட்டும் மார்ச் வரை இருந்தது.

கருமாதியன்று சுலோசனா அக்கா அவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாப்பது மீனு அப்படியே நிக்குது."

பாகூர்ப் பக்கம் ஒரு வாய்க்காலில் ஏழு பிடித்து வந்து விட்டேன். அவை பெருகிவிட்டன, கடன் தீர்ந்தது என்று உயிரியல் பேசிப் பார்த்தேன்.

"அதுங்களாப் பெத்துக்கிச்சுங்க. உங்க மாமா குடுத்தாரா?"

இன்னும் முப்பத்து மூன்று பாக்கி.