லாக்கி பேருக்கு மாறிய வரிகள்

லாக்கி பைபஸ் கெட்டவன் இல்லை. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் எங்கள் சின்னக் கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரன். சால்மன் பண்ணைகளில் மீனுக்கு எப்போது, எவ்வளவு தீனி போடுவது என்று பார்த்துக்கொள்ளும் புரோகிராம் எங்களுடையது. அதில் முக்கால்வாசியை எழுதியவள் ரேலீன்.

லாக்கிக்கு ஒழுங்குப் பைத்தியம். ஒரு வெள்ளிக்கிழமை, வரிகளுக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தைச் சீராக்கும் கருவி ஒன்றை மொத்தப் புரோகிராம் மீதும் ஓடவிட்டான். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று மெஷின் குறித்துவைக்குமே, அதில் அத்தனை வரியும் அவன் பேருக்கு மாறிவிட்டது. அப்போது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெரிய பண்ணை ஒன்று எங்களைக் கைவிட்டதும், லாக்கி, ரேலீன் இருவரில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பியாக வேண்டும் என்று ஆனது. முதலாளி கிராண்ட்டுக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும். யார் பேரில் எத்தனை வரி என்று எண்ணச் சொன்னார். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

"அடேயப்பா லாக்கி, இவ்வளவும் நீயா?"

லாக்கி வாயைத் திறந்தான். வீட்டுக் கடன் நினைவுக்கு வந்திருக்கும். "ஏதோ பண்ணிருக்கேன்" என்றான். அந்த வாரமே ரேலீன் போனாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. கடைசியில், காலி இடம் மட்டும் மாறிய வரிகளை ஒதுக்கிவிட்டு மறுபடி எண்ணினான். அவன் பங்கு ஒரு கைப்பிடிதான். அதைக் கொண்டுபோய் கிராண்ட்டிடம் காட்டினான்.

"போய் அவளக் கூட்டிட்டு வா. உன் சங்கதிய அப்புறம் பேசிக்கலாம்" என்றார் கிராண்ட்.

தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனான். தன் வீட்டு வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த ரேலீன், பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் எழுதினதெல்லாம் குப்பைன்னு நீ ஒவ்வொண்ணா மாத்தி எழுதிட்டேன்னுல்ல நெனச்சேன். தெறந்து பாக்கக்கூட மனசு வரல. ரெண்டு எடத்துல வேலைக்குக் கூப்பிட்டாங்க. எனக்குத் தகுதி இல்லன்னு போகல."

"நீ எழுதினத நான் தொடவே இல்ல ரேலீன். வெறும் காலி எடம்தான்."

"கிராண்ட் என்னப் போகச் சொன்னப்பவே உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"வழியனுப்பறோம்னு கேக் வெட்டினீங்களே, அப்பவும்?"

"அப்பவும்தான்."

"ரெண்டாவது துண்டு கேட்டு வாங்கித் தின்னியேடா" என்றாள் ரேலீன்.