பங்குக் கிணற்றுக்கு ஒரு தனி முகவரி

திசையன்விளைக்குப் பக்கத்தில் எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை. பெரியப்பா மகனுக்கு எல்லா நாளும் அவன் முறைதான். எங்கள் முறையன்று மோட்டார் போடப் போன என் தம்பியை அரிவாளின் பின்பக்கத்தால் அடித்து, தோள் எலும்பை உடைத்துவிட்டான். 'சொந்தக்காரங்கதானே, பேசித் தீத்துக்கிடுங்க' என்று ஊரே சமாதானம் சொன்னது. எனக்கு ரத்தம் கொதித்தது.

திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உள்ளங்கையில் அடங்கும் சிறிய கணினி ஒன்றை வாங்கி, கிணற்றடிக் கொட்டகையில் மோட்டார் சுவிட்சோடு இணைத்தேன். கூடவே ஒரு கேமரா, ஒரு சிம் கார்டு. இனி அடி வாங்க யாரும் அங்கே போக வேண்டாம், நானே இங்கிருந்து போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் பெருமையடித்தேன்.

திருநெல்வேலிக்கு வந்து பார்த்தால் கொட்டகைக் கணினியைத் தொடவே முடியவில்லை. சிம் கம்பெனி எத்தனையோ பேருக்குப் பொதுவாக, பழைய முறைப்படி ஒரே இணைய முகவரியைக் கொடுத்திருந்தது. வெளியிலிருந்து எங்கள் கணினிக்கு வழியே இல்லை. இங்கேயும் பங்கா என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஐபிவி6 என்கிற புது முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி உண்டு. அந்தக் கணினியை விற்றவர்கள் அதை முடக்கி வைத்திருந்தார்கள். மறுபடி ஊருக்குப் போய், கணினியின் அமைப்பில் அதை முடக்கிய வரியை அழித்தேன். என் போனுக்கு மட்டும் திறக்கும்படி பூட்டும் போட்டேன்.

எங்கள் அடுத்த முறையன்று மதியம் அலுவலகத்திலிருந்தே பொத்தானை அழுத்தினேன். மோட்டார் ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்வதைப் போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது மண்வெட்டியோடு அம்மா வந்தாள். மோட்டாரை எங்கிருந்தும் போடலாம், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்ப மடையை யார் மாற்றுவது? அதை நான் யோசிக்கவே இல்லை.

பின்னாலேயே பெரியப்பா மகன் வந்தான். அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளி, வயிற்றில் மிதித்தான். நான் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அம்மா எழுந்தாள். மண்வெட்டியைத் திருப்பி அவன் காதோடு சேர்த்து ஒரே போடு. அவன் வாய்க்காலில் குப்புற விழுந்தான். தலைக்கு மேல் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அம்மா தூக்கவில்லை. நின்று பார்த்தாள்.

செத்துத் தொலையட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். மனதார நினைத்தேன். அப்புறம் அம்மாவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றுவது கண்ணுக்குள் வந்தது. மோட்டாரை நிறுத்தினேன். வாய்க்கால் மெல்ல வடிந்தது. அவன் இருமிக்கொண்டு புரண்டான்.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, நீயா நிறுத்துன?"

"அவன் வாய்க்கால்ல கெடக்காம்மா."

"கெடந்துட்டுப் போறான். கரண்டு போறதுக்குள்ள மிச்சப் பாத்தி பாய வேண்டாமா? மோட்டாரப் போடு."

அவன் கையை ஊன்றி வரப்பில் ஏறும்வரை காத்திருந்தேன். பிறகு போட்டேன்.